லாக்கும் மில்லும் வேடதாரிகளா?

கேள்வி இது: "அடிமை வணிகக் கம்பெனியில் பங்கு வாங்கிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கிய தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், அடிமைகளை வைத்திருந்த அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன், இவர்கள் எழுதியதைத்தானே சுதந்திரத்தின் பாடம் என்று படிக்கிறோம்? தனிமனித சுதந்திரத்தை முன்வைக்கும் மேற்கத்திய லிபரல் சிந்தனை முழுக்கவே பித்தலாட்டம் என்று சொல்லிவிடலாமா? இப்போது அவர்கள் காட்டும் குற்றவுணர்வும் அதே நாடகத்தின் அடுத்த காட்சிதானா?" பார்க்க ஒரே கேள்விபோல இருந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன. அந்த மனிதர்கள் யோக்கியமானவர்களா என்பது ஒன்று. அவர்கள் எழுதிவைத்த வாதம் நிற்குமா என்பது இன்னொன்று. செத்துப்போனவர்கள் செய்ததற்காக இன்று உயிரோடிருப்பவர்கள் உறுத்தப்படுவதில் அர்த்தம் உண்டா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் கேள்விக்குக் கிடைத்த சாட்சியத்தை எடுத்து இரண்டாவதற்கான தீர்ப்பாக எழுதிவிடுவதால்தான் இந்த விவாதம் போன இடத்திலெல்லாம் சிக்கிக்கொள்கிறது.

போலித்தனம் என்ற சொல்லைக் கறாராக வைத்துக்கொண்டால்தான் மேலே நகர முடியும். கூடாவொழுக்கம் அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே, வஞ்சகனின் நடிப்பைக் கண்டு அவன் உடம்பிலுள்ள ஐம்பூதங்கள் உள்ளுக்குள் சிரிக்கும் என்றுதான். ஊருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்கே தெரியும் என்பது அங்கே அடிப்படை. ஆகவே ஒருவரைப் போலி என்று சொல்ல மூன்று வேண்டும். அவர் சொன்ன கொள்கை அந்தச் செயலைத் தடுக்கிற கொள்கையாக இருக்க வேண்டும். அந்தச் செயலை அவர் செய்ததற்கு ஆவணம் வேண்டும். முரண் அவருக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கும் ஏதாவது தடயம் வேண்டும். முதலாவதைத்தான் பலரும் தாவிக் கடந்துவிடுகிறார்கள். 'மனிதர்' என்று எழுதியவர் எல்லா மனிதரையும் நினைத்துத்தான் எழுதினார் என்று நாமே வைத்துக்கொள்கிறோம். நூலில் விலக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். சில சமயம் ஒளிந்துகூட இருக்காது, முதல் அத்தியாயத்திலேயே ஒரு பத்தியாகக் கிடக்கும். பிறகு நூல் வெளியான ஆண்டு, ஆசிரியர் வகித்த பதவியின் ஆண்டுகள், பணம் கைமாறிய ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றும் பொருந்தி வருவது ஜெஃபர்சனுக்கு. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தார். தெரியாமல் செய்தார் என்று சொல்ல வழியில்லை. வர்ஜீனியாவைப் பற்றி அவர் எழுதி 1785இல் அச்சான நூலில், அடிமைமுறையைப் பற்றிப் பேசும் இடத்தில், கடவுள் நீதிமான் என்பதை நினைக்கும்போது என் நாட்டுக்காக நடுங்குகிறேன் என்கிறார். 1820இல் ஒரு கடிதத்தில், ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், பிடித்தே வைத்திருக்கவும் முடியவில்லை, பத்திரமாக விடவும் முடியவில்லை என்று எழுதுகிறார். நம் ஊர்ப் புலிவால் கதைதான். ஆனால் விடுவதற்கு ஒரு வழி அவர் வாசலுக்கே வந்தது. அமெரிக்கப் புரட்சியில் போரிட்ட போலந்துத் தளபதி கோஷ்சியூஷ்கோ 1798இல் ஓர் உயில் எழுதினார். அமெரிக்காவிலுள்ள தம் பணத்தைக் கொண்டு அடிமைகளை வாங்கி, விடுவித்து, படிக்கவைக்க வேண்டும். ஜெஃபர்சனின் சொந்த அடிமைகளையே வாங்கினாலும் சரி. நிறைவேற்றும் பொறுப்பு ஜெஃபர்சனுக்கு. தளபதி 1817இல் இறந்தார். 1819இல் ஜெஃபர்சன் அந்தப் பொறுப்பை ஏற்க மறுத்துவிட்டார். அவருக்கு அப்போது 76 வயது, பிற்காலத்து உயில்களும் இருந்தன, வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1852இல் உச்ச நீதிமன்றம் அந்த உயில் செல்லாது என்றது. ஏற்றிருந்தாலும் பணம் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. சந்தேகமில்லாதது கடைசிக் கணக்கு: உயிரோடிருந்தபோது இருவர், உயில் வழியாக ஐவர், ஆக ஏழு பேருக்குத்தான் அவர் விடுதலை கொடுத்தார், ஏழு பேரும் அவர் அடிமைகளில் ஹெமிங்ஸ் என்ற ஒரே குடும்பத்தார். அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்காக 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேர் ஏலம் போனார்கள்.

லாக்கைப் பற்றி இவ்வளவு நேராகப் பேச முடியாது. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி என்ற அடிமை வணிக நிறுவனத்தில் 1674-75இல் அவர் 600 பவுண்டு போட்டது உறுதி. வட அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்தின் உடைமையாளர்களுக்கு அவர் செயலாளராக இருந்ததும், அதற்காக 1669இல் வகுத்த அடிப்படைச் சட்டத்தில், சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள்மீது முழு அதிகாரம் உண்டு என்ற பிரிவு இருந்ததும் உறுதி. அந்தப் பிரிவு லாக்கின் கருத்தா, எஜமானர்கள் சொன்னதை எழுதிக்கொடுத்த வேலையா என்பதில்தான் அறிஞர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் பிரதியில் அவர் கை இருக்கிறது. குமாஸ்தாவின் கை இருப்பதாலேயே பத்திரம் குமாஸ்தாவுடையது ஆகிவிடாது. இந்தச் சண்டையைவிட, 1689இல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட அரசு பற்றிய இரண்டு ஆய்வுரைகளைக் கவனிப்பது பயனுள்ளது. முதல் உரை எடுத்த எடுப்பிலேயே, அடிமைத்தனம் அவ்வளவு இழிவானது, ஓர் ஆங்கிலேயன், அதிலும் ஒரு கனவான், அதற்காக வாதாடுவான் என்று நினைக்கவே முடியவில்லை என்கிறது. அங்கே அடிமைத்தனம் என்று அவர் குறிப்பது மன்னரின் எதேச்சதிகாரத்தை. தோட்டத்து அடிமைகளை அவர் அறியாதவரா என்றால், அதே உரையில் வேறொரு விஷயத்துக்கு உதாரணமாக மேற்கிந்தியத் தீவுத் தோட்டக்காரர் ஒருவர் வருகிறார், அவரோடு 'பணம் கொடுத்து வாங்கிய அடிமைகளும்' வருகிறார்கள். எழுத்தில் ஒரு சலனமும் இல்லை. இரண்டாம் உரையிலோ, நியாயமான போரில் பிடிபட்டவனை மட்டுமே அடிமையாக்கலாம், அவன் மனைவி மக்கள்மீது வென்றவனுக்கு அந்த உரிமை கிடையாது என்கிறார். இந்த விதிப்படி கரோலினாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் உரிமையில்லாமல் பிடித்துவைக்கப்பட்ட குழந்தை. அந்த வரியை லாக் எழுதவில்லை. ஜெஃபர்சனைப்போல நடுங்கிய ஒரு வரியும் அவர் நூலில் இல்லை. ஆகவே போலி என்று தீர்ப்பெழுத நான் தயங்குவேன். தன் விதியைத் தன் முதலீட்டின்மேல் வைத்துப் பார்க்காதவர் என்று எழுதத் தயங்கமாட்டேன்.

மில் கதை வேறு. 1823இல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் அப்பாவின் கீழ் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 1858இல் கம்பெனி ஆட்சி முடியும்வரை 35 ஆண்டு அங்கேயே இருந்தார். சுதேச சமஸ்தானங்கள் சம்பந்தமான கடிதங்களை வரைவதுதான் நெடுங்காலம் அவர் மேசை வேலை. இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆட்சியைத் தங்களிடமிருந்து பறிக்கக் கூடாது என்று கம்பெனி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவையும் அவரே எழுதினார். மறு ஆண்டு, 1859இல், சுதந்திரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வருகிறது. மனுவையும் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், பகலில் கம்பெனி, ராத்திரியில் சுதந்திரம் என்று சிரிப்பார்கள். நூலின் முதல் அத்தியாயத்தைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். இந்தக் கோட்பாடு வயதுவந்தவர்களுக்கானது, குழந்தைகளுக்குப் பொருந்தாது என்கிறார். அதே காரணத்தால், இன்னும் பருவத்துக்கு வராத பின்தங்கிய சமூகங்களையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. காட்டுமிராண்டிகளை ஆளும்போது, நோக்கம் அவர்களுடைய முன்னேற்றமாக இருந்து, கையாளும் வழி அதை உண்மையிலேயே நிறைவேற்றுமானால், எதேச்சதிகாரம் முறையான ஆட்சியே. அவர்களுக்கு ஓர் அக்பரோ ஒரு சார்லமேனோ வாய்த்தால் அதிர்ஷ்டம், கீழ்ப்படிவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இவ்வளவும் அச்சில், எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. மில் சொன்னதற்கு மாறாக நடக்கவில்லை, சொன்னபடியேதான் நடந்தார். போலித்தனத்தின் முதல் நிபந்தனையிலேயே அவர் தப்பிவிடுகிறார்.

தப்பிப்பதால் அவர் நிலைமை மோசமாகிறது. போலி ஆசாமியிடம் கொள்கை நல்லது, ஆள் சரியில்லை. ஆளைத் தள்ளிவிட்டுக் கொள்கையை வைத்துக்கொள்ளலாம். மில்லிடம் ஓட்டை கொள்கையிலேயே இருக்கிறது. 'முன்னேற்றம்' என்பதை அளப்பது யார் என்று பாருங்கள்: ஆள்பவர். பருவம் வந்ததற்கு அடையாளம் என்ன? பேச்சாலும் எடுத்துச்சொல்வதாலும் வழிநடத்தப்படும் திறன் என்கிறார். அந்தத் திறன் வந்துவிட்டதா என்று சொல்வது யார்? மறுபடியும் ஆள்பவர். கெடு எதுவும் இல்லை, மேல்முறையீட்டுக்கு இடமும் இல்லை. இந்த ஓட்டையை அவர் நூலை வைத்தே காட்டலாம். இரண்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள். எதிர்க்கருத்தை அடக்குகிறவர் தன்னால் தவறவே முடியாது என்று வைத்துக்கொள்கிறார், அப்படிப்பட்ட மனிதர் யாருமில்லை என்பதுதான் அங்கே அவருடைய தலையாய வாதம். அதில் 'பெரும்பான்மையினர்' வரும் இடத்தில் 'லீடன்ஹால் தெருவிலிருக்கும் கம்பெனி இயக்குநர்கள்' என்று போட்டுப் படியுங்கள். முதல் அத்தியாயத்தின் விலக்கு நிற்காது. ஒரு சிந்தனையாளரைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: அவருடைய சிறந்த வாதத்தை எடுத்து அவருடைய விலக்கின்மேல் வைப்பது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தோக்வில் விஷயத்திலும் இதே வழி உதவும். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றி 1835இலும் 1840இலும் எழுதியவர், பிரான்ஸ் படையெடுத்துப் பிடித்த அல்ஜீரியாவைப் பற்றி 1841இல் எழுதும்போது, பயிரை எரிப்பதும் நிராயுதபாணிகளைப் பெண்டுபிள்ளைகளோடு பிடிப்பதும் வருந்தத்தக்க அவசியங்கள் என்கிறார்.

மில்லை வெறும் கம்பெனி ஆளாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்கும் ஆவணம் உண்டு. 1865 அக்டோபரில் பிரிட்டிஷ் காலனியான ஜமைக்காவின் மொரான்ட் பேயில் கலகம் வெடித்தபோது, ஆளுநர் எட்வர்ட் அயர் இராணுவச் சட்டத்தின் பேரில் 400க்கும் மேற்பட்டவர்களைக் கொல்லவைத்தார். சுமார் 600 பேருக்குக் கசையடி, சுமார் 1,000 வீடுகளுக்குத் தீ. ஜார்ஜ் வில்லியம் கார்டன் என்ற சட்டமன்ற உறுப்பினரை, இராணுவச் சட்டம் இல்லாத கிங்ஸ்டனில் பிடித்து, அது இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். அயரைக் கொலைக் குற்றத்துக்கு நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று லண்டனில் அமைந்த குழுவுக்கு மில் தலைமை தாங்கினார். முயற்சிகள் எல்லாம் தோற்றன, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மில்லுக்கு 1868 தேர்தலில் தொகுதியும் போயிற்று. எதிர்ப்பக்கத்தில் அயரைக் காக்க நின்றவர் எழுத்தாளர் கார்லைல். கறுப்பர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்று 1849இலேயே பச்சையாக எழுதியவர் அவர். பாருங்கள், போலித்தனம்தான் பெரிய பாவம் என்றால் இந்த இருவரில் சுத்தமானவர் கார்லைல்! அவரிடம் வேடமே இல்லை. ரிகாவில் பிறந்து ஹார்வர்டில் பாடம் நடத்திய ஜூடித் ஷ்க்லார் 1984இல் எழுதியதன் சாரமும் இதுதான்: தீமைகளின் வரிசையில் கொடுமையை முதலில் வைக்கிறவர் ஒரு விதமாகத் தீர்ப்பளிப்பார், போலித்தனத்தை முதலில் வைக்கிறவர் வேறு விதமாகத் தீர்ப்பளிப்பார், பின்னவரிடமிருந்து வெளிப்படையான கொடியவர் எளிதாகத் தப்பிவிடுவார். எனக்கு இதில் முழு உடன்பாடு.

ஆளின் உள்நோக்கத்தைக் காட்டி வாதத்தைத் தள்ளிவிடுவது இன்னொரு பழைய தவறு. இதற்கு நம் தஞ்சாவூரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்களிடம் கண்டபடி கடன் வாங்கினார். கம்பெனிப் படையைக் கொண்டு 1773இல் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் கம்பெனியின் சென்னை ஆளுநர் பிகட் அதை ராஜா துளஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தபோது, பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர், நவாபுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் வருவாயும், தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாக வயலில் நின்ற பயிரும் தன்னுடையவை என்று வந்து நின்றார். அதே ஆண்டு பிகட்டை அவருடைய ஆலோசனைக் குழுவே சிறைப்பிடித்தது, மறு ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். இந்தக் கடன்களைத்தான் விசாரணையே இல்லாமல் நவாப் ஆண்ட ஆர்க்காட்டுச் சீமையின் (அப்போதைய பெயரில் கர்நாடகம்) வருவாயிலிருந்து அடைக்க லண்டன் உத்தரவிட்டது. அதைக் கிழித்துத் தொங்கவிட்டு 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் பேசினார். இப்போது மறுபக்கம்: அவருடைய உறவினராகப் பழகிய வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் முகவர். அப்படியானால் பர்க்கின் கோபத்தில் சொந்தபந்தக் கணக்கு இருந்ததா? கொஞ்சம் இருந்திருக்கலாம். கடன் பத்திரங்கள் உண்மையானவையா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. நவாப் குடும்பத்தின் பிற்காலக் கடன்களை ஆராய 1805இல் அமர்ந்த ஆணையர்கள், வந்த கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். 1788இல், வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது குற்றம் சாட்டும்போது, கடமை என்பது அட்சரேகைக்கு அட்சரேகை மாறாது, 'புவியியல் ஒழுக்கம்' என்று ஒன்று கிடையாது என்றார் பர்க். 71 ஆண்டு கழித்து வந்த மில்லின் விலக்குக்கு முன்கூட்டியே எழுதிய மறுப்புபோல இருக்கிறது. இவரை லிபரல் பட்டியலில் சேர்க்கலாமா என்பது தனிச் சண்டை, அதற்குள் போகவில்லை.

'எல்லாம் பித்தலாட்டம்' என்ற முடிவுக்கு அந்தப் பித்தலாட்டத்தால் அடிபட்டவர்களே வரவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில், உங்கள் ஜூலை 4 அடிமைக்கு என்ன என்று கேட்டு, அந்தக் கொண்டாட்டம் முழுவதையும் வெறும் பாசாங்கு என்று கிழித்தார். அதே பேச்சில் அமெரிக்க அரசியல் சட்டத்தைச் சுதந்திர ஆவணம் என்றும் சொன்னார். பாசாங்கு என்று சொல்ல அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது, எதிராளி எழுதிவைத்த அளவுகோலையே எடுத்துக்கொண்டார். 1892இல் லிபரல் கட்சி சார்பில் மத்திய ஃபின்ஸ்பரியில் வென்று நாடாளுமன்றம் போன தாதாபாய் நௌரோஜி, 1901இல் வந்த தம் நூலின் தலைப்பிலேயே இந்தியாவில் நடப்பது 'பிரிட்டிஷ் தன்மையற்ற' ஆட்சி என்றார். ஆனால் இந்த நெம்புகோல் ஜெஃபர்சன் வகையிடம் வேலை செய்யும், மில் வகையிடம் அவ்வளவாகச் செய்யாது. மில் வகையினர், உங்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். நௌரோஜி இதைப் புரிந்துவைத்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஆசியர்கள் தாழ்ந்த இனம் என்று சொன்ன ஜான் கிராஃபர்டுக்கு 1866இலேயே லண்டன் இனவியல் சங்கத்தில் அவர் மறுப்புரை படித்தார். முதலில் விலக்கை உடைக்க வேண்டியிருந்தது, பிறகுதான் கொள்கையைக் காட்டிக் கேட்க முடிந்தது.

இனி குற்றவுணர்வு. இங்கே லிபரல் சிந்தனைக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு சங்கடம் இருக்கிறது. குற்றம் தனிமனிதனுடையது, அப்பன் செய்ததற்கு மகனைத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் அரிச்சுவடி. அப்படியிருக்க 'நாங்கள்' செய்த அடிமை வணிகத்துக்காக இன்றைய லண்டன்காரர் எப்படிக் குற்றவாளி ஆவார்? இதை ஓரளவு சிக்கெடுத்தவர் ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ். மனைவி யூதர் என்பதால் 1937இல் நாஜிகள் அவருடைய பேராசிரியர் வேலையைப் பறித்தார்கள். போர் முடிந்த குளிர்காலத்தில் ஹைடல்பர்க்கில் ஜெர்மன் மாணவர்களுக்கு அவர் ஆற்றிய உரைகள் 1946இல் நூலாயின. குற்றம் நாலு வகை என்றார். சட்டத்தை மீறியவரின் குற்றத்துக்கு நீதிமன்றம். ஓர் அரசின் குடிமகனாக இருப்பதால் வரும் அரசியல் பொறுப்பு, அரசை எதிர்த்தவர் தலைமேலும் விழும்; அதைத் தீர்மானிப்பது வென்றவர். தான் செய்ததற்கும் கண்டும் காணாமல் இருந்ததற்குமான அறக் குற்றத்துக்கு அவரவர் மனசாட்சியும், மனம்விட்டுப் பேசும் நெருங்கியவர்களும். அடுத்தவர் கொல்லப்படும்போது தான் உயிரோடு மிஞ்சிய உறுத்தலுக்குக் கடவுள் மட்டும். இந்த நாலில் கூட்டாகச் சுமக்கக்கூடியது இரண்டாவது ஒன்றுதான். கோளாறு எங்கே வருகிறது என்றால், பலர் மூன்றாவது வகையின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு இரண்டாவது வகையின் கடனை அடைத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். மனம் கனப்பது மூன்றாவதற்கு உரியது, இரண்டாவதற்கு உரியது ரசீது.

ரசீது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அரசின் அப்போதைய ஆண்டுச் செலவில் அது சுமார் 40 சதவீதம். பணம் போனது உடைமையாளர்களுக்கு. விடுவிக்கப்பட்ட சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை, அதற்கு மேல் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் வாரம் 45 மணி நேரம் வரை பழைய எஜமானருக்கே கூலியில்லாமல் உழைக்க வேண்டும். எதிர்ப்புக்குப் பிறகு 1838இல்தான் அது ஒழிந்தது. இதை வெறும் அயோக்கியத்தனம் என்று கடந்துவிட்டால் விஷயம் கைநழுவிப்போகும். அரசு ஒருவரின் சொத்தை எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்ற அருமையான லிபரல் விதியைத்தான் அங்கே கடைப்பிடித்தார்கள். மனிதன் சொத்தல்ல என்று சொல்லும் சட்டமே, அவனுக்கு விலை போட்டு அவன் சொத்துதான் என்று கணக்கெழுதியது. தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டனுக்கு 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக 1 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. பின்னாளில் லிபரல் பிரதமரான அவர் மகன் 1833இல் நாடாளுமன்றத்தில் அப்பாவின் தோட்டத்துக்காகப் பரிந்து பேசியிருந்தார். அடிமைகள் போன இடத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்கு ஜான் கிளாட்ஸ்டன் பக்கம் கண்ட வழி 1838இல் கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் பிரிட்டிஷ் கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய்ச் சேர்ந்ததும் இதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். அந்த 2 கோடிக்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் கருவூலம் 2015இல் அடைத்தது. அடிமைகளின் வழிவந்து பிரிட்டனில் வரி கட்டியவர்களும் அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

தலைமுறை தாண்டிய கடனுக்குத் தொகை எப்படிப் போடுவது, யார் கையில் கொடுப்பது என்பவற்றுக்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை. ஐந்தாறு கணக்கு முறைகள் உண்டு, ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்படும். அதனால் இன்றைய குற்றவுணர்வு நாடகமா என்று கேட்டால், உணர்ச்சியை அளக்காதீர்கள், அறிக்கையின் வாக்கியத்தை அளந்துபாருங்கள் என்பேன். எழுவாய் யார்? 'நாங்கள் செய்தோம்' என்கிறதா, 'நடந்தது' என்கிறதா? மன்னிப்பா, வருத்தமா? சட்டப் பொறுப்பு ஏற்கப்பட்டதா? தொகை என்ன பெயரில், யாருக்கு? 2021இல் ஜெர்மனி, தன் காலனியாக இருந்த நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களுக்கு நடந்ததை இனப்படுகொலை என்று அழைத்தது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. இழப்பீடு என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தது.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க 2013 ஜூன் 6 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் படித்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது காலனி நிர்வாகம் செய்த சித்திரவதைகளுக்கு மனமார வருந்துகிறோம் என்றார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1 கோடியே 99 லட்சம் பவுண்டு என்றார். காலனி நிர்வாகத்தின் செயல்களுக்கு அரசின் சார்பிலும் இன்றைய பிரிட்டிஷ் வரி செலுத்துவோர் சார்பிலும் பொறுப்பை மறுக்கிறோம் என்றும் அதே அறிக்கையில் சொன்னார். 1833இன் 2 கோடியும் 2013இன் 1 கோடியே 99 லட்சமும் எண்ணில் ஏறக்குறைய ஒன்றாக வந்தது தற்செயல், பணத்தின் மதிப்பு வேறு. ஆனால் அந்த அறிக்கை படிக்கப்பட்ட நாளில், எந்த வரி செலுத்துவோர் பொறுப்பல்ல என்று அவர் சொன்னாரோ அவர்கள் அடிமை உடைமையாளர்களுக்கான கடனை இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கடன் தீர இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது.